முன்வரிசைக் கட்டங்கள்

நிமலன் என்ற பெயர் ஓர் இரட்டைச் சடைக்காரிக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது.

"அட கொடுமையே!" என்று தலையில் கைவைத்தான் கிருஷ்ணராஜ். பதுளை பஜாரில் டைப்செட்டிங் கடை வைத்திருப்பவன். சாயங்காலம் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் ஒன்றுகூடல். அவனும் படித்த ஐந்தாம் வகுப்பின் படத்தை அச்சடித்து, முன்வரிசைக்காரர்களின் பெயர்களை நேர் கீழே அட்டவணையாகப் போட வேண்டும். படம் யாரிடமும் இல்லை. பக்கத்து ஸ்டூடியோ அர்ஷாத்தான் பழைய நெகட்டிவைத் தேடியெடுத்து ஸ்கேன் செய்து கொடுத்தார். பெயர்களை விஜயலெட்சுமி டீச்சர் போனிலேயே, இடமிருந்து வலமாக, மளமளவென்று சொல்லிவிட்டார்.

"நடுவுல டீச்சர் பேரு நீளம். அதுதான் மத்தவங்களைத் தள்ளுது" என்று அந்தக் கட்டத்தைக் குறுக்கினான். விஜய ஒரு வரி, லெட்சுமி ஒரு வரி என்று டீச்சர் இரண்டாகிவிட்டார். அகலமாக்கினான். கடைசியில் இருந்த அழகையா தாளைவிட்டே வெளியேறினான். எழுத்தைச் சின்னதாக்கியதும் திரும்பி வந்தான், எறும்பளவில்.

நிமலன் மட்டும் சடையைவிட்டு அசையவில்லை. அது கருப்பம்மாவின் சடை. கொய்யாக்காயில் உப்புத் தடவி எல்லாருக்கும் ஒரு கடி கொடுப்பாளே, அவளேதான். அவள் பெயரோ டீச்சருக்கு அந்தப் பக்கம், நிமலனின் முன்பல் இல்லாத சிரிப்புக்குக் கீழே. முன்வரிசையில் மற்ற முகங்கள் யார் யாரென்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"ரெண்டு பேரையும் மாத்திப் போடுங்க மச்சான். டீச்சருக்கு வயசாயிட்டு, மறந்திருப்பாங்க" என்றார் எட்டிப் பார்த்த அர்ஷாத்.

கிருஷ்ணராஜுக்குச் சுருக்கென்றது. மழையில் நனைந்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தன் முந்தானையால் தலை துவட்டிவிட்ட டீச்சர். அவரா நம்மை மறந்துவிட்டார்?

"டீச்சர் சொன்னா சொன்னதுதான்" என்று மறுபடியும் கோடுகளை இழுத்தான். இந்தத் தடவை அட்டவணை மொத்தமும் அடுத்த பக்கத்துக்குப் போனது. இழுத்துப் பிடித்து ஒருவழியாகப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தபோது வாசலில் வேன் ஹாரன் அடித்தது. டீச்சரே இறங்கி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இதுல யாரு நிமலன், யாரு கருப்பம்மான்னு உங்களுக்கு ஞாபகம்..." என்று இழுத்தான் கிருஷ்ணராஜ்.

"பேரெல்லாம் சரியாத்தான்டா இருக்கு, படத்தை இடம் வலமாத் திருப்பிப் போடு. நான் எந்தக் காலத்துலடா வலது தோள்ல முந்தானை போட்டேன்?"