கும்பிட்டது பிள்ளையாரை

சிரஞ்சீவி பரத்வாஜுக்கு,

மயிலாப்பூரிலிருந்து அக்கா சூடாமணி எழுதுவது. நான் நலம், என் ஸ்கூட்டரும் நலம். நீயும் வைதேகியும் கொட்டிவாக்கத்துக் கடற்காற்றில் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு போகப்போவதாகப் போனில் சொன்னாய். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். பதில் இதுதான்: சாவி தரமாட்டேன்.

நான் ஆட்டோக்காரரை வம்புக்கிழுத்ததைப் பஸ்ஸிலிருந்து வைதேகி பார்த்தாளாம். அவள் பார்த்தது பாதி. அடையாறில் பாட்டு வகுப்பை முடித்துக்கொண்டு மந்தைவெளி வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு ஆட்டோ பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. விடாமல் ஹாரன். போதாக்குறைக்கு அந்த மனுஷர் என் காலைக் காட்டிக் காட்டிக் கத்துகிறார். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காது. கேட்பானேன், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, பொம்மனாட்டி வண்டி ஓட்டினால் பொறுக்காத முகம். நான் என் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வலப்பக்கம் பிள்ளையார் கோயில் வந்தது. கும்பிட்டேன். இடக்கையால் கும்பிடலாமோ? வலக்கையைத்தான் எடுத்தேன். ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி தயங்கத்தான் செய்யும், அதற்குப் பின்னால் வந்த பஸ் அப்படியா அலறும்? பிள்ளையாருக்கும் எனக்கும் நடுவில் ஆட்டோ வந்தது என் குற்றமா?

சிக்னலில் அவர் தலையை நீட்டினார். "இன்னாம்மா, நல்லது சொல்ல வந்தா கும்புடு போட்டு நக்கல் பண்ணிக்கினு கீற?"

"நான் பிள்ளையாரைன்னா கும்பிட்டேன், உம்மை இல்லை."

"அதான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே! எங்கனா வுயுந்தாத்தான் உனக்குப் புரியும்!" என்று இரண்டு கையாலும் எனக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நக்கல் என்றால் அது நக்கல். சாபம் வேறு.

ரோட்டில் முரடர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ஹாரன் அடிக்கிறவர்கள். நான் வண்டி வாங்கியதிலிருந்து ஹாரன் அடித்ததில்லை, அது எந்தப் பொத்தான் என்றுகூடத் தெரியாது. உன் அத்திம்பேர் போன பிறகு நான் ஆத்தை விட்டு வெளியே வந்தது இந்த வண்டியில்தான். இதுவும் போனால் அடையாறும் தி. நகரும் போச்சு, நாள் முழுக்க உன் போனுக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்குப் பயம், ஆட்டோக்காரரைக் கண்டு இல்லை. ஆகவே நீ வா, காபி சாப்பிடு, வெறுங்கையோடு போ.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், போகும் வழியெல்லாம் பச்சை சிக்னலும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
அக்கா சூடாமணி.

பி.கு.: இதைத் தபாலில் போட லஸ் வரை போய், போடாமல் திரும்பி வந்து எழுதுகிறேன். வழியில் பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. பாதித் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். அந்தப் பக்கம் கோயில் கிடையாது, டயர் கடை. கார் பக்கத்தில் வந்தபோதுதான் உன் முகம் தெரிந்தது. நீயும் என் காலைக் காட்டிக் கத்தினாய். நான் நிற்கவில்லை. ஆத்து வாசலில் வண்டியை நிறுத்தப் போனால், சைடு ஸ்டாண்டு கிளம்பினதிலிருந்து மடக்காமலே இருக்கிறது. அன்றைக்கும் மடக்கின ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கீழேயிருந்து ஹாரன் அடி. சாவியோடு இறங்கி வருகிறேன்.