ஊரெல்லாம் வைரநாயகி

குடிக்கிறவனுக்குப் பெண் கொடுப்பார்கள். சீட்டாடுகிறவனுக்கும் கொடுப்பார்கள், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று சொல்லி. இரவு எட்டரை மணித் தொடரைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுகிற வளர்ந்த ஆண்பிள்ளைக்கு எவரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் நான் என் அழுகையை இணையத்தில் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் அந்தத் தொடருக்கென்று இணையத்தில் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. மஸ்கட், சிங்கப்பூர், சிகாகோ என்று எங்கெங்கோ இருந்த தமிழர்கள் அதில் கூடுவார்கள். அவர்களில் பலருக்கு அந்தச் சேனல் கிடையாது. எட்டரைக்குப் பார்த்து, ஒன்பதரைக்குள் அன்றைய கதையை ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டிப் போடுவது என் பொறுப்பு. (யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டது.) வருடக்கணக்கில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. காய்ச்சலில் போட்டிருக்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு முந்தின இரவு, மண்டபத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போட்டிருக்கிறேன். இந்தச் சிரத்தையில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் இந்நேரம் கலெக்டர்.

மன்றத்தில் என் பெயர் "திருப்பூர் டைகர்". தொழில் என்ற இடத்தில் "ஏற்றுமதியாளர்" என்று போட்டிருந்தேன். நிஜத்தில் என் தாய்மாமா திருப்பூர் ராயபுரத்தில் ஒரு சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்தார். அதில் நூல், பட்டன், டீ மூன்றுக்கும் அலைகிற ஆள் நான். மாமாவே அப்போது ஏற்றுமதியாளர் இல்லை. பெரிய கம்பெனிகள் தருவதைத் தைத்துக் கொடுப்பவர்.

தொடரின் வில்லி, மாமியார் வைரநாயகி. மருமகளைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, "நீ அழுதே தீரணும்!" என்பாள். மருமகளுக்கு முன்னால் நான் அழுதுவிடுவேன்.

மன்றத்தினர் சென்னையில் ஒருநாள் நேரில் சந்திப்பதென்று முடிவானது. மஸ்கட் மீனா என்பவர் எழுதினார்: "டைகர் அண்ணா இருக்கும்போது நமக்கென்ன கவலை? எல்லாருக்கும் ஒரே மாதிரி டீ-ஷர்ட்!" வெளியூர்க்காரர்களுக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு, திருப்பூரில் பனியன் மரத்தில் காய்க்கிறது என்று. நான் மரத்தின் சொந்தக்காரன் மாதிரி பதில் போட்டேன்: "நம்ம ஃபேக்டரி, நம்ம பனியன். எல்லாருக்கும் ஃப்ரீ." நெஞ்சில் வைரநாயகியின் இரண்டு கண்கள், கீழே அந்த வசனம். டிசைனை சிகாகோவிலிருந்து ஒருவர் வரைந்து அனுப்பினார்.

அதே சமயத்தில்தான் மாமாவுக்கு வாழ்நாளின் முதல் நேரடி ஆர்டர் வந்திருந்தது. நடுவில் யாரும் இல்லாமல் ஐரோப்பாவிலிருந்து நேராக அவருக்கே. கரும்பச்சை டீ-ஷர்ட், நெஞ்சில் வெள்ளையில் ஒரு பாய்மரப் படகு. அதற்காக அவர் இரண்டு வருடம் நடையாய் நடந்திருந்தார். "இந்த ஒண்ணு நல்லபடியாப் போயிருச்சுன்னா நாம இனி யாரு ஊட்டு வாசல்லயும் நிக்க வேண்டியதில்லீங்க மாப்ள" என்று என்னிடம் சொன்னார். சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். நான் அப்போது மீதமாகும் கரும்பச்சைத் துணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் துணியை வெட்டியதும், தைப்பதற்கு முன்பே, முன்பக்கத் துண்டுகளைக் கட்டுக்கட்டாகப் பிரிண்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். எதை அச்சடிக்க வேண்டுமோ அதற்கு ஒரு சாம்பிள் கூடவே போகும். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்ட அட்டை அதில் தொங்கும். அதற்கு அப்ரூவல் டேக் என்று பெயர். அன்று மாலை மாமா எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: படகுச் சாம்பிளையும் அதை அச்சடிக்கிற ஸ்கிரீனையும் பிரிண்டிங் பட்டறை அந்தோணி அண்ணனிடம் சேர்ப்பது. கட்டுகள் ஏற்கெனவே அங்கே போயிருந்தன.

நான் கூடவே என் சொந்தச் சரக்கையும் கொண்டுபோனேன். நாற்பது துண்டு, வைரநாயகி ஸ்கிரீன், கையால் அச்சடித்த ஒரு மாதிரி.

அந்தோணி அண்ணனுக்குத் தூத்துக்குடிப் பக்கம். மாதிரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டேக் எங்க தம்பி?" என்றார்.

"இது சும்மா, நம்ம சினேகிதங்களுக்குங்கண்ணா."

"டேக் இல்லாம என் டேபிள்ல கைக்குட்டைகூட ஏறாது, பாத்துக்கிடுங்க. போன வருசம் ஒருத்தன் வாய்ல சொன்னான்னு ஓட்டிக் குடுத்தேம்லா. அப்புறம் நான் சொல்லவே இல்லைன்னுட்டான்."

மணி எட்டேகால். அன்றைக்கு வைரநாயகி விஷம் கலந்த பாலைக் குடிக்கப்போகிறாள். சாவாளா, மாட்டாளா என்று இரண்டு கண்டங்கள் என் கையை நம்பிக் காத்திருந்தன. எனக்கு ஒரு மின்னல் வெட்டியது. (என் வாழ்க்கையில் மின்னல் வெட்டிய பிறகெல்லாம் இடிதான் விழுந்திருக்கிறது.) வெளியே வந்து, படகுச் சாம்பிளிலிருந்து டேக்கைக் கழற்றி வைரநாயகியின் காதோரம் மாட்டினேன். படகை ஓட்டப்போவது நாளைக்குத்தானே? காலையில் வந்து டேக்கை மறுபடி மாற்றிவிட்டால் தீர்ந்தது. படகையும் அதன் ஸ்கிரீனையும் வண்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"இந்தாங்கண்ணா டேக்கு. முதல்ல இதை ஓட்டுங்க!"

"இப்படிச் சொன்னா சரி" என்றார் அவர். முதலில் இதை என்று சொன்ன நான், அடுத்து எதை என்று சொல்லவில்லை. பறந்துவிட்டேன்.

வைரநாயகி பாலைக் குடித்தாள். நான் அழுதுகொண்டே எழுதினேன். அதுவரை நான் எழுதியதிலேயே சிறந்தது என்று சிங்கப்பூர் பாராட்டியது. மன்றமே என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாட, மகிழ்ச்சியாகத் தூங்கினேன்.

காலையில் பட்டறைக்குள் காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஷெட் முழுக்க, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், காயப்போட்ட துண்டுகள். ஒவ்வொன்றிலும் வைரநாயகி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புருவத்தை உயர்த்தி என்னையே முறைத்தாள்.

அந்தோணி அண்ணன் சிவந்த கண்களோடு பெருமையாக வந்தார். "இன்னைக்குப் பராமரிப்புன்னு கரண்ட் கிடையாதாம். நாலு ஆளைக் கூடப் போட்டு, மொத்த லாட்டையும் ராத்திரியே முடிச்சிட்டேம்லா."

"அண்ணா... அது தமிழ்ல இருக்குதுங்களேண்ணா..."

"நானும் பாத்தேன். வெள்ளைக்காரன் எத்தனையோ பாசைல எழுதிக் கேப்பான். இவன் தமிழ்ல கேட்டிருக்கானேன்னு சந்தோசமால்லா இருந்துச்சு!"

மாமா வந்தார். கூடவே அத்தையும் வந்தார். இருவரும் முதல் ஆர்டருக்காகக் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார்கள். நெற்றியில் விபூதி இன்னும் காயவில்லை. மாமா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"மாப்ளைங்க, இந்தம்மா யாருங்க?"

"வைரநாயகிங்க மாமா."

"நம்ம சொந்தங்களா?"

"டீவீல வர்றவங்க."

"படகு எங்கீங்க போச்சு?"

"வண்டீல... இருக்குதுங்க மாமா."

அவர் துண்டை மடித்தார். நாலாக மடித்து, எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். திட்டியிருக்கலாம். ஒரு அறை கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். "கப்பலுக்கு நேரமில்லையேங்க" என்று மட்டும் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

அத்தை மெதுவாக என் பக்கம் வந்தார். "ஏங்கண்ணு, இது நம்ம எட்டரை மணி வைரநாயகிதான? நேத்து பாலைக் கையில எடுக்கறப்ப எங்கூட்ல கரண்ட் போயிருச்சு. குடிச்சாளா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தபடியே, "கேக்கறாங்கள்ல, சொல்லுங்க" என்றார்.

"குடிச்சிட்டாங்க. ஆனா சாகலைங்க."

"அவ எங்கீங்க சாவா" என்றார் மாமா. (அவரும் பார்க்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.)

மறுபடி துணி பின்னி, சாயம் போட்டு, வெட்டி, அச்சடித்து, தைத்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது, லாபம் முழுக்க அந்தக் கூலிக்கே போனது. பனியன்காரன் ஒருவனிடம் "ஏர்ல அனுப்பினேன்" என்று சொல்லிப் பாருங்கள், துக்க வீட்டில் பிடிப்பதுபோல உங்கள் கையைப் பிடித்துக்கொள்வான். அந்த வருடம் வாங்கவிருந்த காரை மாமா வாங்கவில்லை. ஐரோப்பாக்காரர் அடுத்த ஆர்டரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். மாமா மறுபடியும் பெரிய கம்பெனிகளின் வாசலில் போய் நின்றார். அந்த வாசல்களில் அவருக்காக வண்டியில் காத்திருந்தவன் நான். டீ வாங்கக்கூட இறங்காமல் உட்கார்ந்திருப்பேன்.

வைரநாயகிகளை என்ன செய்வது? தைத்து, காதர்பேட்டைச் சந்தையில் ஸ்டாக் லாட்டாக, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சந்திப்புக்கு வந்த மன்றத்தார் சிலர் அப்படியே திருப்பூரையும் எட்டிப் பார்த்தார்கள். தங்களுக்கு இலவசமாக வரவேண்டிய சட்டை நடைபாதையில் குவியலாகக் கிடப்பதைப் படம் எடுத்து மன்றத்தில் போட்டார்கள். "டைகர் சார், உங்க ஃபேக்டரி ஷோரூம் சூப்பர்!" என்று மஸ்கட் மீனா எழுதினார். அன்றைக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், டீ வாங்குவது உட்பட. அவர்கள் மன்னித்துவிட்டார்கள். என் பெயரை மட்டும் "டீ டைகர்" என்று மாற்றிவிட்டார்கள். தொடர் முடியும்வரை அந்தப் பெயரில்தான் எழுதினேன்.

ஆனால் ஊர் மன்னிக்கவில்லை. திருப்பூர்ச் சட்டை லேசில் கிழியாது. (நல்ல துணி, மாமா தேர்ந்தெடுத்தது.) பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர் நெஞ்சில் வைரநாயகி. ரோடு தோண்டுகிற ஒடிசாப் பையன்கள் வரிசையாக நால்வர், எட்டுக் கண்கள். ஊசி போட்டுக்கொள்ளப் போனால், கம்பவுண்டர் சிரிஞ்சோடு திரும்புகிறார், "நீ அழுதே தீரணும்!" என் கல்யாணப் பந்தலில் வாழைமரம் கட்டியவரும் அதையே போட்டிருந்தார். புதுப்பெண் அதைப் படித்துவிட்டு, இது எனக்கா உங்களுக்கா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அதன்பிறகு மகள் பிறந்தாள். அவளுக்குக் காதுகுத்து. என் மைத்துனன் மடியில் குழந்தை. சொந்தமெல்லாம் சுற்றி நிற்கிறது. ஊசியோடு ஆசாரி குனிந்தார். அவர் போட்டிருந்தது, துவைத்துத் துவைத்து வெளுத்த கரும்பச்சை. கண்கள் இரண்டும் உதிர்ந்துபோயிருந்தன, எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

ஊசி இறங்கியது. மகள் மண்டபமே அதிர வீறிட்டாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா என் பக்கம் சாய்ந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "மாப்ளைங்க, அந்த லாட்டுல இந்த ஒரு பீஸுதானுங்க நெஞ்சுல எழுதியிருக்கறபடி வேலை செஞ்சிருக்குது."