சும்மா நின்ற வண்டி

"வரட்டும்... வரட்டும்... இன்னும் கொஞ்சம் வரட்டும்... போதும், நிப்பாட்டுங்கோ!"

ஜெயரட்ணம் கராஜ் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு கத்தினார். வண்டி ஓட்டிவந்த மார்செல் கியூபெக்கைச் சேர்ந்த வெள்ளைக்காரர் என்பதும், அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்பதும் அந்த அவசரத்தில் இவருக்கு நினைவு வரவில்லை. ஆனாலும் வண்டி நின்றது. மூக்கு கராஜ் கதவை நெருங்கிக்கொண்டும் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டும் நின்றது.

கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்திருக்கும் பெரிய வண்டி அது. ஆர்.வி. என்பார்கள். அதில் ஊர் சுற்றுகிறவர்களுக்குத் தங்கள் வீட்டு வாசல் ட்ரைவ்வேயில் ஓர் இரவு சும்மா நிற்க இடம் கொடுக்கும் நல்ல மனிதர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள் என்றும், அவர்களுக்கென்று ஓர் இணையத்தளம் இருக்கிறது என்றும் ஜெயரட்ணம் போன மாதம்தான் அறிந்தார். ஒரு சதக் காசும் வாங்கக் கூடாது, அன்பாக வரவேற்க வேண்டும், அவ்வளவுதான் விதி. மனைவி தவமணி மகள் கௌசியின் பிள்ளைப்பேறு பார்க்க அடுத்த ஊரான விட்பிக்குப் போய் ஆறு கிழமை. ஸ்காபரோ வீட்டில் அவரும் குளிர்சாதனப் பெட்டியும்தான் மாறி மாறி உறுமிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு மனிதர் வந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஒருவருக்கும் தெரியாமல் பெயரைப் பதிந்துவிட்டார்.

மார்செலும் அவர் மனைவி லீஸும் இறங்கிக் கைகொடுத்து முடியவில்லை, எதிர்வீட்டுக் கிளடிஸ் றோட்டைக் கடந்து வந்துவிட்டாள்.

"என்ன அண்ணை, பஸ் ஒண்டு வந்து நிக்குது?"

"பஸ் இல்லை கிளடிஸ். பயணக்காரர். ஒரு இரவுக்கு நிக்கினம்."

"எவ்வளவு தருகினம்?"

"ஒண்டுமில்லை. சும்மாதான்."

கிளடிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை, நான் வெளியாலை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். வாசலை வாடகைக்கு விடுற அளவுக்குக் கஷ்டம் எண்டா ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே? எங்கடை சேர்ச்சிலை வின்சன்ற் அண்ணையாக்கள் கஷ்டப்பட்ட சனத்துக்குச் சாமான் பெட்டி கட்டிக் குடுக்கினம். உங்கடை பேரையும் போட்டு விடட்டே?"

ஜெயரட்ணத்துக்குக் காது சுட்டது. உண்மையைச் சொன்னால் பொய்யன் போலத் தெரிகிறது. சும்மா கொடுத்தால் பிச்சைக்காரன் போலத் தெரிகிறது. இவள் 'சொல்ல மாட்டன்' என்றால் இரவுக்குள் விட்பியில் கௌசியின் மாமி காதுவரை போய்விடும்.

"ச்சீ, கஷ்டமோ? இது... இது நான் வாங்கினது!" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது.

"வாங்கினதோ! அப்ப இந்த வெள்ளைக்காரர்?"

"வித்த ஆக்கள். எப்பிடி ஓடுறது எண்டு காட்டித் தர நிக்கினம்."

"யேசுவே! சொல்லவே இல்லை!" என்ற கிளடிஸ் வண்டியை முன்னும் பின்னும் படம் பிடித்துக்கொண்டு போனாள்.

வேறு யாராவது இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் ஊர் மறந்துவிடும். ஜெயரட்ணம் சொன்னதுதான் வினை. ஊர்ச் சங்கத்தின் தலைவர் அவர். 'உண்மை பேசுவோம்' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணித்தியாலம் பேசிச் சோற்றை ஆறவைக்கிறவர். போன மாசிமாதப் பொதுக்கூட்டத்தில், தவமணியின் தம்பி கீதன், "புதுக் கார் வாங்கியிட்டன்" என்று பக்கத்து மேசைக்காரருக்குச் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த மைக்கிலேயே திருத்தினார்: "மாதக் காசுக்கு லீசிலை எடுத்ததை வாங்கினது எண்டு சொல்லுறதும் பொய்தான், தம்பி!" நூற்றிருபது பேர் சிரித்தார்கள். கீதன் சாப்பிடாமல் மார்க்கம் நகரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

'நாளைக் காலமை ஒன்பது மணிக்கு இவை போயிடுவினம். சேர்விசுக்கு விட்டது எண்டு சொல்லிச் சமாளிக்கலாம்' என்று ஜெயரட்ணம் மனதைத் தேற்றினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருக்கு ஒரு நாள் தாங்கினால் போதும்.

அரை மணித்தியாலத்தில் தவமணி அழைத்தாள்.

"என்னப்பா, கிளடிஸ் படம் அனுப்பியிருக்கிறா! உண்மையாய் வாங்கினனீங்களோ?"

"தவம், உது வந்து... நீ கொஞ்சம் தனிய..."

"ஸ்பீக்கர்லை இருக்கிறியள். கௌசியின்ரை மாமியும் பக்கத்திலை இருக்கிறா. உங்களைப் பற்றித்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறா. ரிட்டயர் ஆகியும் ஒரு மனிசனுக்கு எவ்வளவு துணிவு எண்டு."

கள்ளனுக்குத் தேள் கொட்டியது போல ஜெயரட்ணம் உண்மையை விழுங்கிக்கொண்டார். "ஓம்... வாங்கினதுதான். உனக்கு ஒரு சர்ப்பிறைசாய் இருக்கட்டும் எண்டு."

"நல்லது. ஆனால் பூசை செய்யாமல் சில்லு உருளப்படாது. நான் ஐயரோடை கதைச்சிட்டன். நாளைக்குக் காலமை எட்டரைக்கு வாறார். சங்கத்து ஆக்களுக்கும் கிளடிஸ் சொல்லியிட்டாவாம். என்ரை தம்பிக்கும் படத்தை அனுப்பினனான். இதைச் சாட்டியாவது கோவம் ஆறட்டும்."

"கீதனுக்கோ? அவன் என்ன சொன்னவன்?"

"முதல் ஒரு சத்தத்தையும் காணேல்லை. பிறகு, 'கட்டாயம் வாறன்' எண்டான்."

ஜெயரட்ணம் சோபாவில் இருந்தார். வருவான்தானே! மாசியிலிருந்து காத்திருந்தவன், நூற்றிருபது பேர் சிரிப்பை வட்டியோடு திருப்பித் தர வருவான். தான் செய்தது அவரை அப்போதுதான் குத்தியது. மச்சானை மைக்கில் மானங்கெடுத்த வாயால், அதே பொய்யை, அதைவிட நீளமாக, இருபத்தைந்து அடி நீளத்தில் சொல்லியாயிற்று.

வழி ஒன்றுதான் இருந்தது. மார்செலை விடிய ஆறு மணிக்கே அனுப்பிவிட வேண்டும். ஆனால் வாசலில் வந்து நிற்கும் மனிதரை வெறும் வாயால் 'போங்கோ' என்று எப்படிச் சொல்வது? இடியப்பமும் சொதியும் சம்பலும் தட்டில் எடுத்துக்கொண்டு வண்டிக் கதவைத் தட்டினார். சாப்பிட வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று எண்ணம்.

அவர்கள் சாப்பிட்டார்கள். மார்செல் வியர்த்து விறுவிறுத்து, கண்ணீர் விட்டு, இன்னும் கேட்டுச் சாப்பிட்டார். அடுத்து கோழிக்கறியும் போனது. கடைசியில் ஜெயரட்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்குக் காலமை..." என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினார்.

லீஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படி அன்பான வீட்டை விட்டு அவசரமாகப் போக மனமில்லை, நாளைக்கும் நிற்கலாமா என்று அவளும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓ... யெஸ், யெஸ்," என்றார் ஜெயரட்ணம். வேறு என்ன சொல்வது? பிறகு வீட்டுக்குள் போய்த் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

காலையில் எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை, சாமி அறைச் சந்தனத்தை முழுவதும் குழைத்துக்கொண்டுபோய் வண்டியின் பின் நம்பர்த் தகட்டில் அப்பியதுதான். கியூபெக் தகடு கீதன் கண்ணில் படக் கூடாது. அப்பிய அப்பில் அங்கே தகடு ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆனால் றோட்டில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள்கூட நின்று அதைத்தான் பார்த்தார்கள்.

எட்டு மணிக்கே கீதன் வந்துவிட்டான். மேகமூட்டமான காலையில் கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்குள் வரவில்லை, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். தகட்டைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப வாங்கினனீங்கள் அத்தான்?"

"நேற்று."

"நேற்றோ? நேற்று எத்தினை மணிக்கு?"

"பின்னேரம். ஏன்?"

"ஆரிட்டை?"

"உவை... உள்ளுக்கை நிக்கினம். வித்த ஆக்கள்."

கீதன் உதட்டை நக்கினான். "அவை உங்களுக்கு வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"இல்லை... சும்மா கேட்டனான்."

பொலிஸ்காரன்கூட இப்படிக் கேட்கமாட்டான் என்று ஜெயரட்ணம் நினைத்தார். எல்லாம் தெரிந்துகொண்டு, சனம் கூடட்டும் என்று காத்திருக்கிறான். 'தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்' என்று அந்த இடத்திலேயே சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் சங்கத்து ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். கிளடிஸ், "எங்கடை பங்குக்கும் கிடக்கட்டும்" என்று ஒரு போத்தல் தீர்த்தத்தோடு வந்தாள். ஐயரும் வந்தார்.

ஐயர் வண்டியைப் பார்த்தார். ஜெயரட்ணத்தைப் பார்த்தார். பிறகு கும்பத்தை எடுத்து வைத்தார்.

"வாகனம் ஆற்றை பேரிலை?"

"என்... என்ரை பேரிலைதான் ஐயா."

"நட்சத்திரம்?"

"பூசம்."

பிள்ளையாருக்கு முன்னால், முப்பது பேர் சாட்சியாக, இன்னொருவன் வண்டிக்குத் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் கொடுத்தாயிற்று. அறுபத்தேழு வயதில் ஜெயரட்ணத்துக்கு இவ்வளவு வெட்கம் ஒருநாளும் வந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். மற்றவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

மணிச்சத்தம் கேட்டு வண்டிக் கதவு திறந்தது. மார்செல் அரைக்காற்சட்டையோடு இறங்கினார். 'முடிஞ்சுது' என்று ஜெயரட்ணம் நினைத்தார். மார்செலோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். பின்னால் இறங்கிய லீஸ் கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கீதன் நின்ற பக்கமாகக் கையை ஆட்டி, "பொன்ஜூர்! பொன்ஜூர்!" என்றாள். கீதன் சட்டென்று குனிந்து, நாடா இல்லாத சப்பாத்துக்கு நாடா கட்டத் தொடங்கினான்.

'சில்லுக்குக் கீழை எதையோ ஆராயிறான்' என்று ஜெயரட்ணம் முடிவு கட்டினார்.

ஐயர் தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். "இனி வாகனக்காரர் ஏறி..." என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. மார்செல் ஓடிப்போய் ஏறி, வண்டியை அளவாகப் பின்னுக்கு உருட்டித் தேசிக்காய்களை நசித்து, திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு தேசிக்காயும் தப்பவில்லை.

"வித்தவர் எண்டாலும் என்ன பொறுப்பு, பாருங்கோ!" என்றாள் கிளடிஸ்.

சனம் கைதட்டியது. சங்கச் செயலாளர், இதில் எல்லோரும் ஒருநாள் நயாகரா போக வேண்டும் என்றார். ஜெயரட்ணம், "போவம், போவம்" என்றார். கீதன் வாயைத் திறப்பான், இப்போது திறப்பான் என்று அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் திறக்கவில்லை. கற்பூரம் அணைய முன்பே, "அவசர வேலை அத்தான்" என்று காரில் ஏறிப் போய்விட்டான். மோதகம்கூட எடுக்கவில்லை.

அதுதான் ஜெயரட்ணத்தை இன்னும் வதைத்தது. எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கியிருக்கலாம், வாங்காமல் போய்விட்டான். 'நான் அவனைச் சபையிலை அவமானப்படுத்தினன். அவன் என்னைச் சபையிலை காப்பாத்திப்போட்டுப் போறான். ஆர் பெரிய மனிசன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

சனம் கலைந்தது. ஐயர் மட்டும் ட்ரைவ்வேயில் குந்தியிருந்து சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஜெயரட்ணம் கிட்டப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஒரு பெரிய பாவம் செய்துபோட்டன். இனியும் மனதுக்குள்ளை வைச்சிருக்க ஏலாது. இந்த வண்டி என்ரை இல்லை."

ஐயர் நிமிரவில்லை. "ம்."

"அவை ஒரு இரவு சும்மா நிக்க வந்த ஆக்கள். வெக்கத்திலை வாங்கினது எண்டு சொல்லியிட்டன். பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி உங்களையும் பாவத்திலை கூட்டியிட்டன். கீதனுக்கு எல்லாம் தெரியும். இனி அவன்ரை முகத்திலை எப்பிடி முழிப்பன்?"

ஐயர் நசிந்த தேசிக்காய்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டார். எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ அண்ணை," என்றார். "போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கத்திலை இதே வண்டிக்கு, இதே சில்லுகளுக்குக் கீழை நான் தேசிக்காய் வைக்கேக்கை, தன்ரை வண்டி எண்டு பேர், நட்சத்திரம் சொன்னது உங்கடை கீதன்தான்."