கிறிஸ்டினாவின் கன்னத்தில் நூல்

கிழக்குத் தாம்பரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த பென்னி மச்சானுக்கு, ஜெபகுமார் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். உங்கள் தங்கை கிறிஸ்டினாவும் நலம். கன்னத்தில் இருந்த வீக்கமும் வடிந்துவிட்டது. மறைமலை நகரில் வீட்டில் எல்லோரும் சுகமா? போனில் பேசினால் கிறிஸ்டினா காதில் விழும், அதனால்தான் கடிதம். நீங்கள் உடனே நம் பாஸ்டரைப் பார்த்து, நான் மனைவியை அடிக்கிறவன் இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். கனடாவிலிருந்து எங்கள் மகள் ஜாஸ்மின் வீடியோவில் வரும்போதெல்லாம், "ஏம்மா சோகமா இருக்க?" என்பாள். "சோகமெல்லாம் இல்லடி, சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்" என்பாள் கிறிஸ்டினா. நாலு வாரம் இதே கேள்வி. ஐந்தாவது வாரம் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்போ சந்தோஷமா தெரியுறேனா?" என்று என்னைக் கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றேன். அந்த "ம்"தான் எங்களைக் கோவிலம்பாக்கத்தில் மிருதுளா என்கிற தோல் டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

இறங்கின கன்னத்தை நூல் போட்டுத் தூக்கலாம் என்றார் டாக்டர். "நூல்னா தையல் நூலாம்மா?" என்று கேட்டேன். "கரையுற நூல் சார். மரத்துப்போக ஊசி போட்டுட்டு, தோலுக்கு அடியில விட்டு லேசா மேல இழுப்போம். நூல்ல பொடி முள்ளு மாதிரி இருக்கும், அது சதையைப் பிடிச்சுக்கும். கத்தி கிடையாது. சில மாசத்துல நூல் கரைஞ்சிடும், பலன் ஒரு வருஷம் போல நிக்கும். அப்புறம் வயசு அது வேலையைக் காட்டும்" என்றார். இரண்டு வாரம் வாயை அகலமாகத் திறக்கக் கூடாது, விழுந்து விழுந்து சிரிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை மச்சான். எண்பத்தாறில் நான் தாம்பரம் ஸ்டேஷனில் சீசன் டிக்கெட் கவுண்டரில் இருந்தேனே, அந்தச் சின்ன ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்தது மூக்குக்குக் கீழே மட்டும்தான். மாதம் பிறந்தால் ஒரு தாடை வந்து "சைதாப்பேட்டை" என்று சொல்லும். நாலு மாதம் அந்தத் தாடையைத்தான் பார்த்தேன். கண் எப்படி இருக்கும் என்று பிளாட்பாரத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தது ஐந்தாவது மாதம். மீட்டர்கேஜ் வண்டி, சாக்பீஸ் படிந்த கைப்பை, கூட்டத்தில் அவள் திரும்பிப் பார்த்த பார்வை. அந்தக் கன்னம் எப்போது இறங்கியது என்று யோசித்தால் எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. அதைக் கிறிஸ்டினாவிடம் சொன்னேன். "நீங்க பார்த்தாத்தானே" என்றாள்.

நூல் போட்ட மறுநாள் இரண்டு கன்னமும் வீங்கி, காதோரம் நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டு தனம் கறிவேப்பிலை கேட்டு வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா சார் இது, அக்கா மூஞ்சி இப்டி வீங்கிக் கீது? இந்த வயசுலயா கை நீட்டுவீங்க?" கிறிஸ்டினா வாயைத் திறக்க முடியாமல், பல்லைக் கடித்தபடி, "ஒண்ணுமில்ல தனம்... அவர் நல்லவரு" என்றாள். அதோடு நான் தீர்ந்தேன். தனம் மூலம் சேதி பரவி, சாயங்காலமே பாஸ்டர் வந்துவிட்டார். என் தலையில் கைவைத்து, என் கோபம் தணிய கால் மணி நேரம் ஜெபித்தார். கிறிஸ்டினா சிரிப்பை அடக்கி அடக்கி, தோள் குலுங்க, கண்ணீராகக் கொட்டினாள். "அழாதீங்க சிஸ்டர்" என்று பாஸ்டரும் கண் கலங்கினார்.

போன ஞாயிறு ஜாஸ்மின் வீடியோவில் வந்தாள். "என்னம்மா, ஏதாவது நல்ல சேதியா?" என்றாள். கிறிஸ்டினா என் பக்கம் திரும்பினாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, போன் கட்டாகும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் முத்தங்கள்.

இப்படிக்கு, குற்றமற்ற
ஜெபகுமார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கிறிஸ்டினா படித்துவிட்டாள். "நூல் விஷயம் பாஸ்டருக்குப் போனா சபை முழுக்கத் தெரிஞ்சுடும். நீங்க அடிச்சதாவே இருக்கட்டும்" என்கிறாள். ஆகவே பாஸ்டரிடம் எதுவும் பேச வேண்டாம். மனம் திருந்தியதற்கு வரும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டுவிட்டேன். குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்காருங்கள்.