ஒரு ‘ன்’ விழுங்கியதால் வந்த வினை

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் (இன்னும் அப்படித்தான் என்று நம்புகிறேன்) பணிவுடன் எழுதிக்கொண்டது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே எல்லோரும் நலம் என்று தெரியும்; என்னைத் திட்டும் சத்தம் போனில் கணீரென்று கேட்டது.

மச்சான், நான் கொலைகாரன் இல்லை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். எங்கள் மாடியில் குடியிருக்கும் டைரக்டர், பேராசை, பழிவாங்கல் என்று கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுக்கிறார். கூட்டாளியைக் கொன்று நகைப்பெட்டியோடு ஓடும் வில்லனாக நடிக்க என்னைக் கேட்டார். இந்த மூஞ்சிக்கு இப்போதாவது விடிந்ததே என்று தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, படத்தில் என் மூஞ்சியே கிடையாது, சுவரில் நிழல் மட்டும்தான். “சார், உங்க தொப்பை நிழல்ல பிரமாதமா விழுது” என்றார். அதற்கும் பூரித்துப்போனேன். கையில் காசில்லாத படம் என்பதால் ஒரே ஒரு மேஜை விளக்கு, பட்டப்பகலில் இருட்டு வேண்டுமென்று உங்கள் தங்கையின் புதுப் போர்வைகளை ஜன்னலில் ஆணியடித்தோம்; பனிமூட்டத்துக்குப் பதினொரு கொசுவத்திச் சுருள். கொசு சாகவில்லை, நான்தான் இருமிச் செத்தேன். அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே, போனைக் காதில் வைத்து வசனம் ஒத்திகை பார்த்தேன்: “இன்னைக்கு அவன் கதைய முடிச்சிடறேன். நீ பெட்டியோட வந்துடு. அப்புறம் எல்லாம் நமக்குத்தான், கண்ணு.” வாய் நிறைய நுரை. ‘அவன்’ என்பதில் இருந்த ‘ன்’ நுரையோடு உள்ளே போய்விட்டது. பின்னால் உங்கள் தங்கை. “எவ கதைய முடிக்கப் போறீங்க?” துப்பிவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம். மகா நடிகன் அல்லவா, “குறுக்க பேசாத, நான் இப்ப பாத்திரத்துல இருக்கேன்” என்றேன். “அப்ப தொட்டியில கெடக்கற பாத்திரத்தையும் நீங்களே கழுவிக்குங்க” என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் இல்லாமல் ஒரு வாரம் இருந்ததில்லை, மச்சான். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நேற்று கடையில் ஒருவருக்கு அவர் மனைவியின் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டேன். எப்படியாவது எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவையுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், என்னை இன்னும் திட்டாதவர் யாராவது மிச்சமிருந்தால் அவருக்கு என் அன்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
நிழலில் மட்டும் கெட்டவனான
உங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அவளே வந்து இறங்கிவிட்டாள். என் மேல் உருகி அல்ல. கடைசிக் காட்சியில் வில்லனைச் சுட்டுப் பழிதீர்க்கும் கூட்டாளியின் மனைவி வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் டைரக்டர் அவளுக்குப் போன் போட்டாராம். முதல் டேக்கே அபாரம் என்று அவர் கைதட்டினார். “எனக்குத் திருப்தியா இல்ல, இன்னொரு தடவ சுடறேன்” என்கிறாள். இதுவரை பதினேழு தடவை செத்துவிட்டேன். மச்சான், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, தயவுசெய்து உடனே வந்து உங்கள் தங்கையை அழைத்துப்போங்கள்.