மூச்சுச் சாமியாரின் கையெழுத்து

திங்கட்கிழமை காலை, முகம் துடைத்த துண்டைத் தோளிலிருந்து எடுக்கும் முன்பே, மின்தூக்கி ஆய்வாளர் ஒரு மாபெரும் முடிவை அறிவித்தார். ஒன்பது ஆண்டுகளாக விழுங்கிவந்த இரத்த அழுத்த மாத்திரை இனித் தம் தொண்டையைத் தாண்டாது.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியார் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"யார் சொன்னா?"

ஏன் என்று கேட்கவில்லை. இருபத்தாறு ஆண்டு இல்லறம் கற்றுத்தந்த சிக்கனம் அது.

"சுவாமிதான். மனசு கொதிக்கிறதாலதான் ரத்தம் கொதிக்குதாம். மாத்திரையை விடு, மூச்சைப் பிடின்னு நேத்து பேசினார். நாலு லட்சம் பேர் கேட்டிருக்காங்க."

"யாரு, ஃபோன்ல வர்ற அந்த மூச்சுச் சாமியாரா?"

"மரியாதையா பேசு."

"சரி, மூச்சுச் சாமியார் அவர்களா?"

கேலி பேசினாலும் அம்மையார் மாத்திரை டப்பாவை எடுத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்தில் மயங்கி விழுந்த கணவருக்காக, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பகல் முழுவதும் நின்றவர் அவர். ஆய்வாளர் அதைக் கண்டார். கண்டும் காணாதவர்போல் துண்டை மடித்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவர் பொறுப்பேத்துக்குவாருங்களா?"

"அதெப்படி? ஏதாவது ஆச்சுன்னா எனக்கு நம்பிக்கை பத்தலைன்னு அர்த்தம்."

"ஓகோ. லிஃப்ட் அறுந்து விழுந்தா, ஏறினவனுக்கு நம்பிக்கை பத்தலைன்னுதான் ரிப்போர்ட் எழுதுவீங்களா?"

அது ஆய்வாளரின் தொழிலைத் தொட்ட கேள்வி. அவர் ஆளுகைக்குட்பட்ட மின்தூக்கி ஒவ்வொன்றிலும் ஒரு சான்றிதழ் தொங்கும். அதனடியில் பொறுப்பாளரின் கையெழுத்து இல்லையேல், உள்ளே நிற்பவர் அமைச்சரே ஆனாலும் இறக்கிவிடுவார்.

"அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. மாத்திரையை நானே குப்பையில கொட்டறேன். அதுவரைக்கும் பழைய ஏற்பாடு தொடரும். உங்க ஆபீஸ் விதிதானே?"

விதி அவருடையதுதான். அன்றைய மாத்திரை தொண்டையைத் தாண்டியது.

அன்று மாலையே உறுதிப்பத்திரம் ஒன்றை வரைந்தார். இரண்டு பத்திகள், மூன்று படிகள். விண்ணப்பிப்பவரே முதலில் ஒப்பமிட வேண்டுமென்பது அலுவலக வழக்கம். ஆகவே மூன்றிலும் தாம் ஒப்பமிட்டார். பொறுப்பேற்பவருக்கான இடத்தை மட்டும் பயபக்தியோடு வெறுமையாக விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியின் மண்டபத்தில், செயலர் அந்தத் தாள்களைத் தொடக்கூட இல்லை.

"சுவாமி எதுலயும் கையெழுத்துப் போடறதில்லைங்க. நீங்கதான் இதுல போடணும்."

நீட்டியது அச்சிட்ட படிவம். பிறர் தாண்டிப்போகும் பொடியெழுத்தை வாசித்தே சம்பளம் வாங்குபவர் ஆய்வாளர்; வாசித்தார். ஏழாவது வரி: 'இங்குக் கூறப்படுபவை பொதுவான கருத்துகளே; விளைவுகள் அனைத்துக்கும் கேட்பவரே பொறுப்பு.'

"ஒருத்தருக்குக் குணமானா?"

"சுவாமியோட அருள்."

"ஆகலைன்னா?"

"அதான் ஏழாவது வரியில இருக்கேங்க."

செயலரின் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் ஆய்வாளரை அச்சுறுத்தியது. அருகில் ஓர் அம்மாள், மடியில் மருந்துப் பையோடு, படிக்காமலே ஒப்பமிடப் போனார்.

"ஏழாவது வரியைப் படிச்சிட்டுப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியேறினார்.

வீட்டில் மனைவியார் காத்திருந்தார். "போட்டாரா?"

"போடமாட்டாராம்."

அம்மையார் சிரிக்கவில்லை. அதற்காகவே ஆய்வாளர் அவருக்கு ஆயுள் முழுதும் கடன்பட்டவராகத் தம்மைக் கருதினார். அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணவர் வரைந்த பத்திரத்தின் முதற் பத்தியை வாய்விட்டுப் படித்தார்: 'மேற்படியாருக்கு எத்தீங்கு நேரினும் முழுப் பொறுப்பு என்னுடையதே.' பிறகு பேனாவை எடுத்து, வெறுமையாயிருந்த இடத்தில் கையெழுத்திட்டார். மூன்று படிகளிலும்.

"நீ எதுக்கு?"

"யாராவது ஏத்துக்கணும்ல. ஒன்பது வருஷமா நான்தானே பாத்துக்கறேன்."

ஆய்வாளரின் கண்கள் கலங்கின. நான்கு லட்சம் பேர் கேட்கப் பேசியவர் தர மறுத்ததை, ஒரே ஒருவர் கேட்காமலே தந்துவிட்டாரே.

"நீ இல்லைன்னா நான் என்ன ஆவேன்" என்றார்.

"ரெண்டாவது பத்தியையும் படிச்சிடறேன். 'பொறுப்பேற்பவர் வகுக்கும் உணவு, உறக்கம், பயிற்சி அனைத்தையும் மறுப்பின்றிப் பின்பற்றுவேன்.' கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"அது சுவாமியை நினைச்சு எழுதினதும்மா."

"சுவாமின்னு எங்க போட்டிருக்கு?"

எங்கும் இல்லை. முப்பதாண்டு அனுபவத்தில் ஓட்டையில்லாமல் வரையப்பட்ட பத்திரம் அது.

"டாக்டர் போன மாசமே உங்களை நடக்கச் சொன்னார். நம்ம வீடு நாலாவது மாடி. நாளையிலேர்ந்து படிதான்."

ஆய்வாளரின் இரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. மனைவியின் அருமையை அவர் நன்றியோடு எல்லோரிடமும் சொல்கிறார்; அவர் சான்றளித்த மின்தூக்கியில் அண்டை வீட்டார் சொகுசாக மேலே போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடம் கழித்து, படியேறி வந்து மூச்சு வாங்கியபடி.