தராசண்ணனும் ஓர் இடதுகை ஆட்டக்காரரும்

உலகத்தில் நடுநிலையான மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் ஹைதராபாத் ஹப்சிகுடாவில், எங்கள் ஆபீஸில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீதிபதிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் தராசண்ணனைப் பார்த்ததில்லை.

எங்களுக்குக் கிரிக்கெட் பார்ப்பதற்குச் சம்பளம். என் மாமியார் இதை உறவுக்காரர்களிடம் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லிக் குடும்ப மானத்தைக் காப்பாற்றி வருகிறார். பந்து எங்கே விழுந்தது, ஆட்டக்காரர் நினைத்தபடி அடித்தாரா அல்லது மட்டையின் விளிம்பில் எட்ஜ் வாங்கித் தப்பித்தாரா என்று ஒவ்வொரு பந்துக்கும் பதிய வேண்டும். அணிகள் அதை விலைக்கு வாங்கி, யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும்.

தராசண்ணன் திருநெல்வேலிக்காரர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சென்னை ஆடினால் பதிய மாட்டார். "பெறந்த மண்ணு இழுக்கும்லா" என்பார். ஹைதராபாத் ஆடினாலும் மாட்டார். "திங்குத சோறு அதவிட இழுக்கும்." ஒருமுறை கல்கத்தா ஆட்டத்தையும் வேண்டாம் என்றார். விசாரித்தால், காலையில் யாரோ ஒரு வங்காளி ஓசியில் ரசகுல்லா கொடுத்திருக்கிறார். அன்று மேனேஜர் பிடித்துக்கொண்ட தலை நெடுநேரம் அவர் கையிலேயே இருந்தது.

டீவியில் சத்தம் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நான் சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். 'எதற்கு' என்பது எங்கள் ஊர் வாயில் 'கைக்கு' என்றுதான் வரும்.

"கைக்குண்ணே இந்தக் கஷ்டம்? கொஞ்சம் சத்தம் வெச்சா என்ன ஆயிடும்?"

"கூட்டம் கத்துனா அம்பயருக்கே கை தானாத் தூக்கிரும்மா. அவரு வேணும்னு செய்ய மாட்டாரு. மனுசன் காது அப்படி."

ஆகவே சிக்ஸர் பறக்கும்போதும் நாங்கள் தியானத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்போம். தெரியாமல் கை தட்டியவரை மனசு ஆறும்வரை டீக்கடைக்கு அனுப்பிவிடுவார்.

இதை ஆபீஸோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எந்தக் கடை பிரியாணி ஒசத்தி என்று எங்களில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். எந்தத் தட்டு எந்தக் கடை என்று சொல்லாமல் கொண்டுவரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தின்றார். இரண்டுமே மட்டம் என்று தீர்ப்புச் சொன்னார். அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசாதிருந்த இருவரும் ஒன்றுசேர்ந்து அவரோடு பேசாமல் இருந்தார்கள்.

என் மகள் வரைந்த மயிலைக் காட்டினேன். "மத்த பிள்ளைங்க வரஞ்சதையும் பேரு தெரியாமக் கொண்டா, சேத்துப் பாத்துச் சொல்லுதேன்" என்றார். இங்கே படிக்கிற பிள்ளை, தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில். "அங்கிள்கி ஏமீ தெலீது" என்றாள். அங்கிளுக்கு ஒன்றும் தெரியாதாம்.

அப்புறம்தான் அந்த இடதுகை ஆட்டக்காரர் எங்கள் திரைக்கு வந்தார். பெயர் வேண்டாம். வயதாகிவிட்டது, முன்தலை முடி போய்விட்டது, கால் நகர மறுத்தது. அவரை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமா என்று அவருடைய அணி எங்கள் கணக்கைக் கேட்டது. எங்கள் வழக்கப்படி ஓர் ஆட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவோம், பிறகு ஒப்பிடுவோம். என் பதிவும் தராசண்ணன் பதிவும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்துப்போகும். இவர் விஷயத்தில் மட்டும் ஒட்டவே இல்லை. 'தப்பித்தார்' என்று நான் போட்டதையெல்லாம் அண்ணன் 'நினைத்து அடித்தார்' என்று போட்டிருந்தார்.

யார் பக்கம் தப்பு என்று பார்த்துச் சொல்லும்படி மேனேஜர் என்னிடம் விட்டார். அண்ணன் பக்கம் என்றால் இத்தனை வருடம் அவர் கட்டிக் காத்த பெயர் போய்விடும். அவரிடமே போய்ச் சொன்னேன்.

"வேணும்னுதாம்மா தட்டி விடுதாரு. அந்த மணிக்கட்டப் பாரு."

"எனக்கு எட்ஜாத்தான் தெரியுதுண்ணே."

நாற்காலியை என் திரைப் பக்கம் நகர்த்தினார். "அப்போ ஒண்ணு செய்யி. படத்தத் திருப்பி வலதுகையாக்கு. மூஞ்சிய மறச்சிரு. மத்தவங்க ஆடுனதையும் ஊடால கலந்து போடு."

போட்டேன். வலதுகையாகிவிட்ட அந்த உருவத்தைப் பார்த்து அண்ணன் வரிசையாகச் சொன்னார்: "எட்ஜு. தப்பிச்சான். எட்ஜு." பிறகு படத்தைப் பழையபடி திருப்பி, எது யார் என்று காட்டினேன்.

முதல் பந்திலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தார். "நான் காலேஜு படிக்கும்போதுதாம்மா இவரு ஆட வந்தாரு. இவரு போயிட்டாருன்னா என் வயசும் போயிரும்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்திருக்கு. எனக்கே தெரியல."

பதிவுகளையெல்லாம் அவரே திருத்தினார். அந்த ஆட்டக்காரரை அணி விட்டுவிட்டது. மேனேஜர் எவ்வளவோ கெஞ்சியும் அண்ணனும் வேலையை விட்டார். அந்த ஆட்டக்காரர் வேறு அணியில் ஆடினால் அதை மட்டும் தொடாமல் இருந்தால் போதாதா என்று நானும் கேட்டேன்.

"ஒரு ஆளு பக்கம் சாஞ்சது தெரிஞ்சுபோச்சு. தெரியாம எத்தன பேரு பக்கம் சாஞ்சேனோ" என்றார்.

இப்போது அந்த நாற்காலியில் வேறொருவர். டீவி முழுச் சத்தத்தில் ஓடுகிறது, சிக்ஸர் அடித்தால் விசில் பறக்கிறது. எனக்கு அந்தப் பழைய அமைதி வேண்டும்போல் இருக்கிறது. எதையாவது காட்டிக் கருத்துக் கேட்கலாம் என்று இன்னமும் பக்கத்தில் திரும்பிவிடுகிறேன்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் போன் செய்தார். அண்ணன் அங்கே வேறு ஏதோ வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாராம். மேனேஜர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கூடவே உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்ற முறையில், ஒரு பக்கமும் சாயாமல் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்.

"நான் சொல்றதுல பாதியக் கழிச்சுக்கோங்க சார்" என்றேன். "எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும்."